புல்தரையில் தண்ணீர் தேங்கினால்: குத்தினால் போதாது, மண்ணை வெளியே எடுக்க வேண்டும்

கேள்வி: கோவையில் எங்கள் வீட்டு முன்புறம் கொரியன் புல் போட்டு மூன்று வருடம் ஆகிறது. பிள்ளைகள் விளையாடும் இடமும் ஸ்கூட்டர் ஏறி இறங்கும் ஓரமும் மஞ்சளாகிவிட்டன. தண்ணீர் விட்டால் இறங்காமல் நிற்கிறது. தோட்டக்காரர் யூரியா போடச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஆணி வைத்த செருப்பைப் போட்டு நடக்கச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். தண்ணீர் விட்ட மறுநாள் ஒரு நீளமான ஸ்குரூடிரைவரை மஞ்சளான இடத்தில் அழுத்திப் பாருங்கள். பூச்செடிப் பாத்தியில் சுலபமாக இறங்குவது இங்கே முரண்டு பிடித்தால் மண் இறுகிவிட்டது என்று அர்த்தம். இறுகிய மண்ணில் காற்று நுழையாது. வேருக்கும் மூச்சு வேண்டுமே! அந்த நிலையில் யூரியா போட்டால், அதை உறிஞ்ச வேருக்குத் தெம்பு இருக்காது.

இரண்டு மூன்று அங்குலத்தில் 'டங்' என்று தட்டினால் விஷயம் வேறு. வீடு கட்டி முடித்ததும் ஜல்லி, சிமெண்ட் கழிவின் மேலேயே செம்மண்ணைப் பரப்பிப் புல் பாயை விரித்துவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு. அங்கே எத்தனை துளை போட்டாலும் பயனில்லை. தோண்டிக் கழிவை எடுத்துவிட்டுத்தான் திரும்பப் போட வேண்டும்.

சரி, மண் இறுக்கம்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆணிச் செருப்பு மண்ணைப் பக்கவாட்டில் தள்ளுமே தவிர வெளியே எடுக்காது. களிமண்ணில் துளையின் சுவர் இன்னும் இறுகும். நமக்கு வேண்டியது உள்ளே வெற்றிடமான குழாய் முனை. அதைக் குத்தி இழுத்தால் புட்டுக்குழலிலிருந்து வருவதுபோல மண் உருளையாக வரும். ஆன்லைனில் கிடைக்கிறது. கோவைக்காரர் நீங்கள், பக்கத்து லேத் பட்டறையில் சொன்னால் அரை அங்குல இரும்புக் குழாயின் முனையைச் சீவி, கைப்பிடி வைத்துத் தந்துவிடுவார்கள். மண் வெளியேற மேலே ஒரு பக்கம் வெட்டிவிடச் சொல்ல மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நாலு குத்துக்கு ஒருமுறை குச்சியால் நோண்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆழம் மூன்று அங்குலம், இடைவெளியும் ஏறக்குறைய அதே. முதல் நாளே தண்ணீர் விடுங்கள். மண்ணைப் பிடித்து நசுக்கினால் உதிர வேண்டும், கையில் ஒட்டினால் காத்திருங்கள். கரிசல் மண்ணாக இருந்தால் இதில் கண்டிப்பாக இருங்கள். ஸ்பிரிங்க்ளர் குழாய் ஓடும் இடத்தை முன்பே குறித்துக்கொள்வது நல்லது.

கொரியன் புல் வெயில் காலத்தில் நன்றாக வளர்வது. கோடை மழைக்குப் பிறகும் ஜூன், ஜூலைச் சாரலிலும் செய்தால் துளைகள் சீக்கிரம் மூடும். ஐப்பசி மழையில் சொதசொதவென்று இருக்கும்போது வேண்டாம். தண்ணீர்த் தட்டுப்பாடான கடுங்கோடையிலும் வேண்டாம்.

வெளியே வந்த உருளைகளை அள்ள வேண்டியதில்லை, காய்ந்ததும் உடைந்து கலந்துவிடும். மேலே சலித்த மண்புழு உரமும் பருமணலும் கலந்து அரை அங்குலத்துக்குக் குறைவாகத் தூவி, துடைப்பத்தால் துளைக்குள் தள்ளுங்கள். கடல் மணல் கூடாது, உப்பு. அப்புறம் நன்றாகத் தண்ணீர் விட்டு, பத்து நாள் பிள்ளைகளை வேறு இடத்தில் விளையாடச் சொல்லுங்கள். யூரியா போட்டே ஆக வேண்டுமென்றால் புதுத் துளிர் வந்தபின் கொஞ்சமாகப் போடலாம்.

ஸ்கூட்டர் ஏறும் ஓரத்தில் மட்டும் புல்லோடு மல்லுக்கட்டாதீர்கள். அங்கே இரண்டு வரிசை கடப்பைக் கல் பதித்துவிடுங்கள்.