'வேம்பியரோகி' என்றால் என்ன, அதில் என்ன வேடிக்கை?

'கிங்டம் ஆஃப் லோத்திங்' விளையாட்டில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். 2003 முதல் பிரவுசரிலேயே ஆடப்படும் நகைச்சுவை மாயாஜால விளையாட்டு அது. படங்கள் எல்லாம் குச்சி மனிதக் கிறுக்கல்கள்தான்.

அதில் 'பாஸ்டமேன்சர்' என்றொரு மந்திரவாதி உண்டு. பிணங்களை எழுப்பும் 'நெக்ரோமேன்சர்' போல இவர் பாஸ்தாவுக்கு உயிர் கொடுக்கிறார். அப்படி வரும் ஏவலாட்களில் ஒன்றுதான் வேம்பியரோகி. ரத்தம் குடிக்கும் வேம்பயரும், போலந்து நாட்டின் பியரோகியும் சேர்ந்த பெயர். பியரோகி என்பது மாவை மெல்லிசாகத் தேய்த்து, நடுவே உருளைக்கிழங்கோ சீஸோ வைத்து, பிறைபோல மடித்து வேகவைப்பது. சண்டையில் வேம்பியரோகி எதிரியின் உயிரை உறிஞ்சி உங்களுக்குத் தரும். ஆக, சிலேடை பெயரோடு நிற்கவில்லை, செயலிலும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இதே கணக்கில் இன்னொன்று, லசான்யா என்ற அடுக்கு பாஸ்தாவும் ஜாம்பியும் கலந்த 'லசாம்பி'. இந்த விளையாட்டில் பணமே இறைச்சிதான். லசாம்பி கூட இருந்தால் எதிரிகளிடமிருந்து கிடைக்கும் இறைச்சி கூடும். லசான்யாவின் அடுக்குகளுக்கிடையே கொத்திறைச்சி இருக்கும் என்று தெரிந்தவருக்கு உடனே சிரிப்பு வந்துவிடும்.

பாஸ்டமேன்சரின் பரம எதிரி யார் தெரியுமா? நூல்நூலான பாஸ்தாவால் ஆன ஒரு ஸ்பகெட்டிப் பேய்!