பழைய மேடை இசைநாடகங்களை இன்றைய ரசிகர்களுக்காக மீண்டும் போடும்போது எதையெல்லாம் மாற்றுகிறார்கள்?

பலர் நினைப்பதைவிடக் குறைவாகத்தான். காப்புரிமை இருக்கும்வரை உரிமையாளரின் அனுமதியில்லாமல் வசனத்திலோ பாட்டிலோ கைவைக்க முடியாது. அதற்காக, உடையை மாற்றி ஆளுக்கொரு செல்போனைக் கொடுத்துவிட்டால் புதுசாகிவிடும் என்று நினைப்பது, என்னைக் கேட்டால், சோம்பேறித்தனம்.

1943-இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேக்கு வந்த 'ஓக்லஹோமா!'வை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் டேனியல் ஃபிஷ் 2019-இல் அதை அங்கே மறுபடி கொண்டுவந்தபோது வசனமும் பாட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. ஆனால் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதில் பாஞ்சோ, மாண்டலின் எல்லாம் சேர்ந்த ஒரு சின்னக் குழு. பார்வையாளர் பக்கத்து விளக்குகள் பெரும்பாலும் அணைக்கப்படவே இல்லை. அப்புறம் திடீரென்று ஒரு கட்டம் முழு இருட்டில் நடக்கும். குதூகலக் கதை என்று பெயர் வாங்கிய நாடகத்துக்குள் இருந்த வன்முறை அப்போது பளிச்சென்று தெரிந்தது. சிலருக்கு இது பிடிக்கவே இல்லை, அதுவும் நியாயம்தான். ஆனாலும் பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதுகளில் சிறந்த இசைநாடக மறுதயாரிப்புக்கானது அதற்குத்தான் கிடைத்தது.

'கம்பெனி' என்ற இசைநாடகம் போனது வேறு வழி. 1970-இல் ஆணாக இருந்த நாயகன் 2018 லண்டன் தயாரிப்பில் பெண்ணானான். பாடல்களை எழுதிய ஸ்டீபன் சாண்ட்ஹைம் அப்போது இருந்தார், சம்மதித்தார். அதனால் வரிகளையே திருத்த முடிந்தது.