கேளுங்கள், சொல்கிறேன்: தகப்பனைத் தேடி வந்த ஸ்கார்

படிவம் 4 மாணவர், தாப்பா: ஐயா, ஹல்க்கின் மகன் ஸ்கார் கதையை வரிசையாகப் படித்து வந்தேன். 12ஆம் இதழ் வரை சரி. 13 என்று வாங்கினால் அட்டையில் பெயரும் வேறு, உள்ளே ஆளும் வேறு. ஏமாந்துவிட்டேனா? மீதிக்கதை எங்கே? முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தம்பி, நானும் அதே பள்ளத்தில் விழுந்தவன்தான். 2008இல் மார்வெல் என்ற அமெரிக்கப் படக்கதை நிறுவனம் இதைத் தொடங்கியபோது அட்டையில் ‘ஸ்கார்: சன் ஆஃப் ஹல்க்’ என்று இருந்தது. எழுத்து கிரெக் பாக், முதல் இதழுக்குப் படம் ரான் கார்னி. 12 இதழ் வந்ததும் ஸ்கார் என்ற பெயரைத் தூக்கிவிட்டு ‘சன் ஆஃப் ஹல்க்’ என்று மட்டும் போட்டார்கள். எண்ணை மாற்றவில்லை, 13 என்றே விட்டார்கள். மகன் என்பது பொய்யில்லை. ஆனால் இவன் ஸ்காரோடு பிறந்த இரட்டை, ஹிரோ-காலா. பஸ் நம்பர் அதே, வண்டி போகும் ஊர்தான் வேறு. 17ஆம் இதழோடு அந்த வண்டியும் நின்றுவிட்டது.

எனக்கு அந்த 13ஐ ஈப்போவில் ஒரு கடைக்காரர், “இதான்யா அடுத்தது” என்று அடித்துச் சொல்லி விற்றார். நல்ல மழை. சட்டைக்குள் வைத்து சுங்கை சிப்புட் வரை பஸ்ஸில் கொண்டுவந்து, என் கடை ஷட்டரைப் பாதி தூக்கி, ஈரத்தோடு நின்றபடியே பிரித்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஸ்காரைத் தேடினேன். பிறகு அதையே விசிறியாக்கிக்கொண்டேன்.

மீதி ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ 601இல் இருக்கிறது. 2009இல் வந்தது, எழுதியவர் அதே கிரெக் பாக். தொகுப்பாக வேண்டுமென்றால் ‘சன் ஆஃப் பேனர்’ என்று கேளுங்கள். ஹல்க்காக மாறும் மனிதனின் பெயர்தான் புரூஸ் பேனர்.

அதற்கு முன்னால் ‘பிளானட் ஹல்க்’ படித்திருக்கிறீர்களா? 2006, 2007இல் வந்தது. இல்லையென்றால் அதற்குப் போய்விட்டு வாருங்கள். டோனி ஸ்டார்க் (அயர்ன் மேன்), ரீட் ரிச்சர்ட்ஸ் முதலான மற்ற நாயகர்கள் ஹல்க்கை ஏமாற்றி ஒரு விண்கலத்தில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். அது சகார் என்ற கிரகத்தில் விழுகிறது. அடிமையாகப் பிடிபட்டு, அரங்கத்தில் சண்டை போட்டு, கடைசியில் அரசனாகி, கையெரா என்ற பெண்ணை மணக்கிறான். அவள் கர்ப்பமாக இருக்கும்போது அந்தக் கலமே வெடிக்கிறது. மனைவி போனாள், பிள்ளையும் போயிற்று என்று நினைத்து, பழிவாங்கப் பூமிக்குக் கிளம்புகிறான். அவன் போன பிறகு நெருப்புக்குள்ளிருந்து பிள்ளை வெளியே வருகிறது. அதுதான் ஸ்கார். பிள்ளைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அப்பன் இங்கே இல்லை. அப்பன் விட்டுவிட்டுப் போகவில்லை, ஆனாலும் பிள்ளை விடப்பட்டவன். இந்த முடிச்சைப் பிடித்துக்கொள்ளாமல் படித்தால் தொடர் முழுக்க வெறும் அடிதடியாகத்தான் தெரியும்.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் லயத்தில் மூன்றாவது வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. மாதாமாதம் பணம் வரும், ஆள் தீபாவளிக்குத்தான் வருவார். ஒரு வருஷம் அவர் மகன், ஏழு வயசிருக்கும், அப்பாவின் சப்பாத்து இரண்டையும் ஒட்டுப்பால் சாக்குக்குள் போட்டு அமுக்கிவிட்டான். லயமே தேடியது. போகவிடக் கூடாதென்று செய்தானா, கோபத்தில் செய்தானா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அந்த நாற்றம் கழுவினால் போகிற நாற்றமா? அந்தச் சப்பாத்தோடுதான் மனிதர் ரயில் ஏறினார். ஸ்கார் வாளைத் தூக்கிக்கொண்டு பூமிக்கு வந்த பக்கத்தில் எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு தாயார், பாகான் செராய்: என் மகன் வைத்திருக்கும் ஹல்க் புத்தகங்களில், அப்பனைக் கொல்லவே மகன் வருகிறானாம். இதையெல்லாம் படிக்க விடலாமா? கடைசியில் கொன்றேவிடுகிறானா?

(தாப்பா தம்பி, நீங்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.)

அம்மா, நம் பாட்டிமார் சொல்லாத கதையா? லவனும் குசனும் அப்பன் யாரென்று தெரியாமலே ராமனின் படையை அடித்தார்கள். பப்ருவாகனன் அர்ஜுனனைக் கொன்றே போட்டான், உலூபி வந்து உயிர்ப்பிக்க வேண்டியதாயிற்று. என் பாட்டி அந்தக் கதையை எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள்.

இந்த மகன் கொல்லவில்லை. ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ 600ஆம் இதழில் சிவப்பு ஹல்க் என்ற வேறொருவன் வந்து, ஹல்க்காக மாறும் புரூஸ் பேனரின் சக்தியை உறிஞ்சிவிடுகிறான். இனி பேனர் சாதாரண ஆள், எலும்பும் தோலும். அந்த நோஞ்சான் மகனைத் தேடிப் போய், ‘எனக்குள் ஹல்க் திரும்பி வந்தால் அவனை நீ கொல், எப்படி என்று நானே சொல்லித்தருகிறேன்’ என்கிறான். எனக்குப் பிடித்ததே இந்தப் பகுதிதான். கூடவே இருந்து தனக்கே குழி வெட்டச் சொல்லித்தரும் அப்பன், சண்டைப் பக்கங்களைவிட இவன்தான் என்னை உலுக்கினான்.

ஹல்க் திரும்பி வருகிறான். 2010இல் வந்த 611ஆம் இதழில் இருவரும் மோதுகிறார்கள். உச்சத்தில் ஸ்கார் சுருங்கிச் சிறுபையனாகிறான். மேலே ஓங்கிய பச்சைக் கை. அந்த இடத்தில் ஹல்க்குக்குத் தன் அப்பன் பிரையன் நினைவுக்கு வருகிறான். அந்த ஆள் சின்ன வயசில் புரூஸை அடித்தவன், புரூஸின் தாயையே கொன்றவன். அது 1985இல் 312ஆம் இதழில் வந்த கதை. கை இறங்கவில்லை. ஹல்க் பேனராக மாறி மகனைக் கட்டிக்கொள்கிறான். 25 வருஷத்துக்கு முந்தைய ஒரு இதழைத் தேடி எடுத்து இங்கே முடிச்சுப் போட்டார்களே, அதற்காகவே தனியாகக் கும்பிடலாம்.

ஆரம்ப இதழ்களில் வெட்டும் குத்தும் நிறைய உண்டு. மகனுக்குப் பத்து வயசுக்குக் கீழே என்றால் இரண்டு மூன்று வருஷம் பொறுக்கட்டும். பெரியவன் என்றால் 611ஐ மட்டும் அவனிடம் வாங்கி நீங்களும் ஒருமுறை பாருங்கள். ஆங்கிலம் வராவிட்டால் பரவாயில்லை, படமே போதும்.

வாசகர், தெலுக் இந்தான்: ஸ்காரைத் திரையிலும் காட்டினார்களாமே?

2022இல் வந்த ‘ஷீ-ஹல்க்’ தொடரின் கடைசி அத்தியாயத்தில் வருகிறான். ஹல்க் அவனைக் குடும்பத்துக்கு அறிமுகப்படுத்துகிறான், அவ்வளவுதான். தண்ணீர் குடிக்க எழுந்தீர்களானால் தவறவிடுவீர்கள். எதிர்க்கடை முடிவெட்டும் அண்ணனிடம் கைப்பேசியில் காட்டினேன். ஸ்காரின் தலையைப் பார்த்து, “எவன் வெட்டினான் இதை?” என்றார்.

மாணவி, கோலகங்சார்: ஹல்க் முதலில் பச்சை இல்லையாமே?

ஆமாம், 1962இல் வந்த முதல் இதழில் சாம்பல் நிறம். அச்சில் அந்தச் சாம்பல் ஒரே மாதிரி விழவில்லை. இரண்டாம் இதழிலிருந்து பச்சையாக்கிவிட்டார்கள்.

வாசகர், கம்பார்: ‘சன் ஆஃப் பேனர்’ தொகுப்பு உங்கள் கடையில் விற்பனைக்கு உண்டா?

ஒரே ஒரு பிரதி, 35 வெள்ளி. நடுப்பக்கத்தில் தே தாரிக் (பால் தேநீர்) கறை இருக்கிறது. அது என் கைவரிசை என்பதால் 5 வெள்ளி கழித்துக்கொள்ளுங்கள். அந்த 13ஆம் இதழையும் சேர்த்துத் தருகிறேன், இலவசம். மடங்கியிருக்கும், விசிறியாக இருந்ததல்லவா.