லைசென்ஸ் ஃபைல் இருக்கு, ஆனா கம்பைலர் ஒத்துக்க மாட்டேங்குது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு ஃபோர்ட்ரான் கம்பைலர் (ஃபோர்ட்ரான் மொழில எழுதின கோடை மெஷின்ல ஓடுற புரோகிராமா மாத்துறது) வாங்கி வச்சிருக்காங்க, என் பிஎச்டி கோடு முழுக்க அதுலதான் ஓடுது. பழைய மெஷின்ல போர்டு போயிடுச்சு, புது மெஷின்ல லினக்ஸ் போட்டு அதே லைசென்ஸ் ஃபைலை காப்பி பண்ணி வச்சோம், இன்ஸ்டால் நல்லாதான் முடிஞ்சுது, ஆனா கம்பைல் பண்ணப் போனா "இன்வேலிட் ஹோஸ்ட்", மைனஸ் 9னு வருது. திரும்பத் திரும்ப ரீஇன்ஸ்டால் பண்ணியும் அதேதான். (ஆராய்ச்சி மாணவி, திருநெல்வேலி)

பதில்: முதல்ல ரீஇன்ஸ்டால் பண்றதை நிறுத்துங்கம்மா. கம்பைலர்ல கோளாறே இல்ல, எரர்லயே பதில் இருக்கு. இந்த மாதிரி சாஃப்ட்வேர்ல நிறைய ஃப்ளெக்ஸ்எல்எம்ங்கிற லைசென்ஸ் மேனேஜரைத்தான் வச்சிருக்காங்க, அதுல ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு அர்த்தம் உண்டு. மைனஸ் 1னா ஃபைலே கண்ணுல படல, மைனஸ் 5னா ஃபைல் இருக்கு ஆனா நீங்க கேட்ட ஐட்டம் அதுல இல்ல, மைனஸ் 10னா தேதி முடிஞ்சிருச்சு. உங்களுக்கு வர்ற மைனஸ் 9, மெஷின் மாறிடுச்சுன்னு சொல்லுது.

ஃபைலை ஒரு டெக்ஸ்ட் எடிட்டர்ல திறந்து பாருங்க. மேல சர்வர்னு ஆரம்பிக்கிற வரியில மெஷின் பேரு, அடுத்து 12 எழுத்துல ஒரு நம்பர், கடைசில போர்ட் நம்பர் இருக்கும். அந்த 12 எழுத்து பழைய மெஷினோட நெட்வொர்க் கார்டு நம்பரு, அதாவது மேக் அட்ரஸ். போர்டு போனதோட அந்தக் கார்டும் போச்சு. சரி, அந்த நம்பரை நாமளே மாத்திடலாமேன்னு தோணும், மாத்தாதீங்க. கீழ சைன்னு நீளமா ஒண்ணு இருக்கு பாருங்க, அது அந்த நம்பரையும் சேர்த்துப் போட்ட கணக்கு, ஒரு எழுத்து மாறினாலும் மைனஸ் 8னு வேற எரர் வரும். நாம கை வைக்கக்கூடியது மெஷின் பேரு, போர்ட் நம்பர், வெண்டர் டீமன் (பின்னணில ஓடுற, வித்த கம்பெனியோட லைசென்ஸ் புரோகிராம்) வரியில இருக்கிற பாத்தும் போர்ட்டும், அவ்வளவுதான்.

அதனால புது மெஷின்ல எல்எம்ஹோஸ்ட்ஐடி கமாண்ட் போட்டு வர்ற நம்பரை வித்தவங்களுக்கு மெயில் பண்ணி ரீஹோஸ்ட் பண்ணி, அதாவது புது மெஷினுக்கு லைசென்ஸை மாத்தித் தாங்கன்னு கேளுங்க. அனுப்புறதுக்கு முன்னாடி அது வயர் கனெக்ஷனோட நம்பர்தானான்னு பாத்துக்கோங்க, வைஃபை இல்லன்னா யூஎஸ்பி அடாப்டர் நம்பரை அனுப்பிட்டா அதைக் கழட்டுற அன்னைக்கு மறுபடி இதே கதைதான். நம்பரே வராம எல்லாம் பூஜ்ஜியமா வந்தா லைசென்ஸ் மேனேஜர் பழைய வெர்ஷன்னு அர்த்தம், அது கார்டு பேரு ஈத்0ன்னு இருக்கும்னு நம்பித் தேடும், இப்போ வர்ற லினக்ஸ்ல பேரு வேற மாதிரி இருக்கு. க்ரப் (லினக்ஸை பூட் பண்ற புரோகிராம்) செட்டிங்ல நெட்.இஃப்நேம்ஸ்=0ன்னு சேர்த்து, க்ரப்பை அப்டேட் பண்ணி ரீபூட் பண்ணா பழைய பேரு வந்துடும்.

கேள்வி: லைசென்ஸ் சர்வரை ஸ்டார்ட் பண்ணா "நோ சச் ஃபைல்"னு வருது, ஆனா எல்எஸ் (ஃபைல் லிஸ்ட் காட்டுற கமாண்ட்) போட்டா ஃபைல் அங்கேயேதான் இருக்கு! (வாசகர், கோவை)

பதில்: நிறைய பேர் மண்டையை உடைச்சுக்கிற இடம் இது. காணோம்னு சொல்றது அந்த ஃபைலை இல்ல தம்பி, அதை ஓட வைக்கிற லோடரை. இந்த லைசென்ஸ் மேனேஜர் புரோகிராம்கள் எல்எஸ்பின்னு ஒரு பழைய லினக்ஸ் ஸ்டாண்டர்டுக்காக கட்டினது, அந்த லோடர் இப்போ இருக்கிற உபுண்டுல தானா வராது. லிப்64 டைரக்டரில ஏற்கனவே இருக்கிற சாதா லினக்ஸ் லோடருக்கு, எல்எஸ்பி லோடர் பேருல ஒரு சாஃப்ட்லிங்க் (வேற பேருல அதே ஃபைலைக் காட்டுற குறுக்குவழி) போட்டா ஓடிடும். அது ஓடினதும் அடுத்து, யூஎஸ்ஆர் கீழ டெம்ப் டைரக்டரி இல்ல, லாக் ஃபைல் (பூட்டு மாதிரி) வைக்க முடியலன்னு வெண்டர் டீமன் நின்னுடலாம், அதுக்கும் மெயின் டெம்ப் டைரக்டரிக்கு யூஎஸ்ஆர் கீழ டெம்ப்ங்கிற பேருல ஒரு லிங்க் போட்டா போதும்.

கேள்வி: விண்டோஸ்ல மெயில்ல வந்த லைசென்ஸை நோட்பேட்ல சேவ் பண்ணேன், ஃபைல் இல்லைங்குது. (மாணவர், மதுரை)

பதில்: எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லிப் பாருங்க, எல்ஐசிக்குப் பின்னாடி டிஎக்ஸ்டி ஒட்டிட்டு இருக்கும், அதை எடுத்துடுங்க. இனிமே மெயில்லருந்து காப்பி பேஸ்ட் வேண்டாம், நீளமான வரி நடுவுல உடைஞ்சிடும், அட்டாச்மென்டை அப்படியே சேவ் பண்ணுங்க.

கேள்வி: சர்வர்ல உக்காந்து கம்பைல் பண்ணா வருது, மத்த சிஸ்டத்துல மைனஸ் 15. ஃபயர்வால்ல 27000 போர்ட் திறந்தாச்சு. இவ்வளவு கஷ்டப்படாம இருக்க வழி இல்லையா? (லேப் அசிஸ்டென்ட், திருச்சி)

பதில்: மைனஸ் 15னா லைசென்ஸ் சர்வரோட பேச முடியலன்னு அர்த்தம், ஒரு போர்ட் பத்தாதுங்க. 27000ல இருக்கிறது மெயின் டீமன், அது வெண்டர் டீமன்கிட்ட அனுப்பும், அந்த ரெண்டாவது ஆளு ஒவ்வொரு தடவையும் வேற போர்ட்ல உக்காருவாரு. ஃபைல்ல வெண்டர் வரியில போர்ட்=ன்னு போட்டு ஒரு நம்பரை ஃபிக்ஸ் பண்ணி அதையும் திறந்து விடுங்க. அப்பவும் வரலன்னா கிளையன்ட் சிஸ்டத்துல ஹோம் டைரக்டரில புள்ளி வச்ச ஃப்ளெக்ஸ்எல்எம்ஆர்சின்னு ஒரு ஃபைல் இருக்கான்னு பாருங்க, பழைய சர்வர் அட்ரஸ் அதுல ஒட்டிட்டு இருக்கும், அதை நகர்த்தி வச்சுட்டு ட்ரை பண்ணுங்க.

வழி இருக்கான்னு கேட்டீங்கள்ல, இருக்கு. இன்டெல் 2020 டிசம்பர்ல ஒன்ஏபிஐ விட்டதுலருந்து அவங்க ஃபோர்ட்ரான் கம்பைலருக்கு லைசென்ஸ் ஃபைலே கேக்கறதில்ல, இலவசம். இன்னொரு கம்பைலரான ஜிஃபோர்ட்ரான் எப்பவுமே இலவசம்தான். பழைய கோடு அதே ரிசல்ட் தருதான்னு ஒரு சின்ன டெஸ்ட் கேஸ் ஓட்டிப் பாருங்க, ஒத்து வந்தா அடுத்த வருஷம் ரினியூவல் பணத்தை ஹார்ட் டிஸ்க் வாங்க கேளுங்க.