பலகணிகள் திறந்திருக்க

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் ஒரு சிறிய தமிழ்ச் சபையில் பொருளாளராக இருக்கிறேன். அடுத்த மாதம் திருநெல்வேலியிலிருந்து ஓர் ஊழியக்காரர் வருகிறார். சுற்றுலாப் பயணியாகத்தான் வருகிறார். ஒரு சகோதரரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடத்த ஏற்பாடாகியிருக்கிறது. வெளிநாட்டுப் பிரசங்கியாருக்கு மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டுமே என்று கமிட்டியில் கேட்டேன். "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம். ஆண்டவருடைய வேலைக்கு அமைச்சு எதற்கு பெர்மிட் கொடுக்க வேண்டும்?" என்றார் பாஸ்டர். ஜன்னல்களைச் சாத்திவிடலாம், வாட்ஸ்அப்பில் எதுவும் போட வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. எனக்கு விசுவாசம் போதாது என்று சிலர் பேசுகிறார்கள். அதிகாரத்திலுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ஐ வாசித்தால் நான் சொன்னது சரி என்று படுகிறது. பாஸ்டர் சொன்ன வசனம் வரும் அப்போஸ்தலர் 5-ஐ வாசித்தால் அவர்கள் சொல்வது சரியாகத் தெரிகிறது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு சகோதரி

அன்புள்ள தங்கைக்கு,

உங்களிடம் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. கமிட்டியில் எல்லாரும் தலையாட்டும்போது ஒருவர் மட்டும் கேள்வி கேட்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டதற்காக நான் ஆண்டவரைத் துதிக்கிறேன்.

உங்கள் பாஸ்டர் சொன்ன வசனத்தை அது வரும் இடத்தோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தார் அப்போஸ்தலரிடம் என்ன சொல்லியிருந்தார்கள்? "அந்த நாமத்தைக்குறித்துப் போதகம்பண்ணக்கூடாது" என்றார்கள். இயேசுவைப் பற்றிப் பேசவே கூடாது என்பதுதான் கட்டளை. ஆண்டவரோ போய்ப் பேசுங்கள் என்று சொல்லியிருந்தார். இரண்டையும் ஒருசேரச் செய்ய வழியே இல்லாத இடத்தில்தான் பேதுரு அப்படிப் பதில் சொன்னார். எகிப்தில் பிறக்கும் ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்கு மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் கீழ்ப்படியாமல் போனதும் அந்த மாதிரி இடத்தில்தான்.

உங்கள் சபை அப்படி ஓர் இடத்திலா நிற்கிறது? சிங்கப்பூர் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தன் மதத்தைப் பின்பற்றவும் அனுசரிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கநெறி தொடர்பான சட்டங்களுக்கு அது உட்பட்டது, அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வந்து சமயக் கூட்டத்தில் பேசுகிறவருக்கு மிசலேனியஸ் ஒர்க் பாஸ் என்று ஒன்று இருக்கிறது. 60 நாள் வரை செல்லும். இங்கே பதிவான ஓர் அமைப்பு அவருக்காகப் பொறுப்பேற்று விண்ணப்பிக்க வேண்டும். சுவிசேஷம் சொல்லாதே என்று இந்த விதி சொல்லவில்லை. யார் வருகிறார், யார் அவருக்குப் பொறுப்பு என்று கேட்கிறது. உபதேசத்தைத் தடுப்பது வேறு, படிவம் கேட்பது வேறு. பேதுரு வாரினால் அடிபட்டுக் காத்த வசனத்தை ஒரு படிவத்தை நிரப்பாமல் இருப்பதற்காக எடுத்து நீட்டினால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

அரசு ஏன் இதில் இவ்வளவு கவனமாக இருக்கிறது என்பதையும் உங்கள் கமிட்டியார் யோசிக்க வேண்டும். 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோக் என்ற சிறுமியின் வழக்கையொட்டி இங்கே கலவரம் வெடித்தது. 18 பேர் செத்தார்கள். முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த அந்தப் பிள்ளை கிறிஸ்தவ மடத்தில் இருப்பதைக் காட்டும் படங்கள் பத்திரிகையில் வந்ததும் கொதிப்பு பல மடங்கானது. அந்த ஞாபகம் இந்த ஊருக்கு இன்னும் இருக்கிறது. 2017-ல் வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பிரசங்கிமார் இருவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மற்ற மதங்களை இழிவாகப் பேசியவர்கள் என்பதுதான் காரணம். என் பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க் குடும்பம், எதிர் வீட்டில் ஒரு பௌத்தப் பாட்டி. அவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று ஆண்டவரும் விரும்புகிறார் என்றே நான் நம்புகிறேன். சிறைப்பட்டுப் போன பட்டணத்துக்காகவே சமாதானத்தைத் தேடி ஜெபிக்கச் சொன்னார் எரேமியா. இதுவோ நம் சொந்தப் பட்டணம்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அந்தச் சாத்திய ஜன்னல்தான். தானியேலின் ஜன்னலை நினைத்துப் பாருங்கள். முப்பது நாள் ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது என்று கட்டளை வந்த பிறகும், "பலகணிகள் திறந்திருக்க" முன் செய்துவந்தபடியே மூன்று வேளையும் முழங்காலில் நின்றார். எல்லாரும் பார்க்கலாம், பார்க்கிறவர்கள் போய்ச் சொல்லலாம், சிங்கக் கெபி தனக்குத்தான் என்று அறிந்தே செய்தார். அதே தானியேல் இளம் வயதில் ராஜாவின் போஜனம் வேண்டாம் என்று தீர்மானித்தபோது தட்டை ஒளித்து வைக்கவில்லை. பிரதானிகளின் தலைவனிடம் போய் வேண்டிக்கொண்டார். பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று முறையாகக் கேட்டு வாங்கினார். கேட்க வழி இருந்த இடத்தில் கேட்டார், வழியே இல்லாதபோது வெளிப்படையாக மறுத்தார். (கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்க வேண்டிய தேசங்கள் இன்றும் உண்டு. அந்தச் சகோதரர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். அவர்கள் போய் விண்ணப்பிக்க ஓர் அலுவலகம் இல்லை. நமக்கு இருக்கிறது.)

அப்புறம், விலை யார் கொடுப்பது? 2020 மே மாதம், சர்க்கிட் பிரேக்கர் என்ற கொவிட் ஊரடங்கு நேரத்தில் என் அத்தை இறந்துபோனார்கள். என்னை எடுத்து வளர்த்தவர்கள். இறுதிச்சடங்கில் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடாது. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று எண்ணினாலே பத்து தாண்டிவிட்டது. நான் கோபத்தில் இரவு எங்கள் போதகருக்குப் போன் செய்து, இதே அப்போஸ்தலர் 5:29-ஐச் சொன்னேன். எல்லாரும் போவோம், வருவது வரட்டும் என்றேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "உன் பெரியப்பாவுக்கு எண்பது வயசு தம்பி. நீ கீழ்ப்படியாமல் போனால் அதற்கு அவர் விலை கொடுக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடக்க ஆராதனையைக் கைப்பேசியில் பார்த்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. ஆனால் பெரியப்பா அந்த வருஷம் நல்ல சுகத்தோடு இருந்தார்.

உங்கள் கூட்டத்திலும் அதையே கேளுங்கள். மாட்டிக்கொண்டால் பாஸ்டருக்கு முன்னால் அந்தத் திருநெல்வேலி ஊழியக்காரருக்குத்தான் பிரச்சினை. அவர் மறுபடி இந்த நாட்டுக்குள் வர முடியாமலே போகலாம். குடிநுழைவில் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால் அவர் பொய் சொல்ல வேண்டியிருக்கும். ஒருவரைப் பொய் சொல்ல வைத்து மேடையேற்றிவிட்டு எழுப்புதலை எதிர்பார்க்கலாமா? வீட்டைக் கொடுத்த சகோதரரும் அவருடைய குடும்பமும் வேறு இருக்கிறார்கள்.

யெகோவாவின் சாட்சிகளின் உபதேசத்தை நான் ஏற்பதில்லை. கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையை அவர்கள் மறுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. 1972-ல் அவர்கள் அமைப்பின் பதிவே ரத்தானது. ஆனால் அந்தப் பையன்கள் மறுக்கிறேன் என்று நேராகச் சொல்லிவிட்டு ராணுவத் தடுப்புக்காவலுக்குப் போகிறார்கள். தங்கள் மனசாட்சிக்கான விலையை அடுத்தவர் தலையில் கட்டவில்லை. அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

அடங்கிப் போவது என்றால் வாயை மூடிக்கொள்வது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிலிப்பி பட்டணத்து அதிகாரிகள் விசாரணையில்லாமல் அடித்துவிட்டு ரகசியமாகப் போகச் சொன்னபோது, நாங்கள் ரோமக் குடிமக்கள், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார் பவுல். ரோமர் 13-ஐ எழுதிய அதே பவுல்தான் பிற்பாடு ரோமப் பேரரசரான இராயனுக்கே அபயமிட்டு முறையிட்டார். இங்கேயும் 2005-ல் சூதாட்டக் கூடங்களுக்கு அரசு அனுமதி கொடுப்பதற்கு முன்பு சபைகள் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தன. அரசு கேட்கவில்லை. 2010-ல் இரண்டு கூடங்கள் திறந்தன. உள்ளே நுழைய நம்மவர்களுக்கு ஒரு நாளைக்கு 100 வெள்ளி என்றிருந்து 2019 முதல் 150 வெள்ளியானது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக நாம் உள்ளே போக வேண்டியதில்லை, பிள்ளைகளுக்கு அது தவறென்று சொல்லிக்கொடுப்பதையும் யாரும் தடுக்கவில்லை. என்றைக்காவது இயேசுவின் நாமத்தைச் சொல்லாதே என்று இங்கே ஒரு சட்டம் வந்தால், உங்கள் பாஸ்டரோடு சேர்ந்து நானும் நிற்பேன். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பேன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பாஸ்டரைக் கமிட்டி முன்னால் மறுபடி எதிர்க்க வேண்டாம். தனியாகப் போய்ப் பாருங்கள். மரியாதையாக, "ஐயா, விண்ணப்ப வேலையை நானே பார்க்கிறேன், ஒரு மாதம் மட்டும் தள்ளிவைப்போம்" என்று கேளுங்கள். உங்கள் சபை முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பொறுப்பேற்க அது தேவைப்படும். கூட்டத்தைச் சபை வழக்கமாகக் கூடும் இடத்துக்கே மாற்றிவிடுங்கள். அனுமதி மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம், தொகுதி எம்பியைப் போய்ப் பார்க்கலாம். அதெல்லாம் முடியாது என்று அவர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டால், அந்தக் கூட்டத்துக்கான காசோலையில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் போடவில்லை என்பதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள்.

ஊழியக்காரர் பாஸோடு வந்தால் எனக்கு நாளும் நேரமும் எழுதுங்கள். மூன்று நாளும் வந்து கேட்க ஆசை.

அன்புடன்,
அண்ணன்