வஞ்சிரம், நெய்மீன், சீலா, அறுக்குளா: எல்லாம் ஒரே மீனா?

ஒரே மீன்தான். ஆனால் சீலா என்ற பெயரில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. எங்கள் வீட்டில் வஞ்சிரம் என்ற சொல்லே புழங்கியதில்லை, சீலா என்றால் அதுதான். வேலைக்காகச் சென்னை வந்த புதிதில் காசிமேட்டில் ஒரு அக்காவிடம் "சீலா இருக்கா?" என்று கேட்டேன். கீழ்த்தாடை துருத்திக்கொண்டு, கூரான பல்லோடு, நீளமாக ஒரு மீனை எடுத்துப் போட்டார். "அக்கா, இது ஊளி ஆச்சே!" என்றேன். "இதான்பா ஷீலா. நீ கேக்குறது வஞ்சிரம்" என்று பக்கத்துக் கூடையைக் காட்டினார். அவர் ஏமாற்றவில்லை. சென்னையில் ஊளிக்குத்தான் அந்தப் பெயர். மலையாளத்திலும் ஊளியைச் சீலாவு என்றுதான் சொல்வார்கள்.

ஊளியும் ருசியான மீன்தான், குழம்பில் போட்டால் அருமையாக இருக்கும். ஆனால் வஞ்சிரத்துக்கான விலையைக் கொடுத்து அதை வாங்கக் கூடாது இல்லையா? அதனால் பெயரை விட்டுவிட்டு மீனைப் பாருங்கள். வஞ்சிரத்தின் விலாவில் மேலிருந்து கீழாக நெளிநெளியாகக் கருங்கோடுகள் இருக்கும். வால் பக்கம் முதுகிலும் அடியிலும் குட்டிக் குட்டித் துடுப்புகள் வரிசையாக நிற்கும். ஊளிக்கு அவை கிடையாது; முதுகில் இரண்டு துடுப்புகள் தள்ளித் தள்ளி இருக்கும். துண்டு போட்டு வைத்திருந்தால் தோலைத் தடவிப் பாருங்கள். வஞ்சிரம் வழவழவென்று இருக்கும், ஊளியில் செதிள் நன்றாகத் தெரியும்.

கோட்டுக்குப் பதில் புள்ளி இருந்தால்? அதுவும் வஞ்சிரம் இனம்தான், அளவில் சிறியது. கோடு போட்டது இரண்டு மீட்டருக்கு மேல்கூட வளரும்.

அப்புறம் மற்ற ஊர்ப் பெயர்கள். கன்னியாகுமரியிலும் தென்கேரளத்திலும் நெய்மீன், கோழிக்கோடு பக்கம் அயக்கூறா, மங்களூரில் அஞ்சல், மும்பையில் சுர்மை. யாழ்ப்பாணத்தில் அறுக்குளா, சிங்களத்தில் தோரா, மலேசியாவில் தெங்கிரி.

வறுக்க வாங்குகிறீர்கள் என்றால் நடுத்துண்டாகக் கேளுங்கள். நடுவில் தடித்த முள், சின்ன முள் குறைவு; முள்ளைப் பார்த்து எடுத்துவிட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். தலையை விட்டுவிடாதீர்கள், புளி கரைத்துக் குழம்பு வைக்க அது போதும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதமும் இந்த மீன் விலை எகிறும். அப்போது நான் ஊளிதான் வாங்குவேன்.