விளக்கடியில் மங்கும் சிவப்பு

அன்புள்ள ஐயா,

டைஅரைல்எத்தீன் ஈனி (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு) இணைந்த யூரோப்பியம் பீட்டா-டைகீட்டோனேட் அணைவை பிஎம்எம்ஏ என்ற தெளிவான பிளாஸ்டிக்கில் ஃபிலிமாகப் போட்டிருக்கிறேன். 365 நானோமீட்டரில் தூண்டினால் 612-ல் நல்ல சிவப்பு. ஆனால் சில ஸ்கேனுக்குள் பாதியாகிவிடுகிறது. சேர்மம் சிதைகிறதா?

– ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

சிதைவு என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். நீங்கள் அளக்கும் ஒளியே டைஅரைல்எத்தீன் என்ற ஒளிச் சுவிட்சையும் தட்டிவிடுகிறது. 365-ல் டைகீட்டோனேட் ஒளியை வாங்கி யூரோப்பியத்துக்குக் கொடுக்கும்போதே, டைஅரைல்எத்தீனும் அதே ஒளியை வாங்கி வளையத்தை மூடிக்கொள்கிறது. மூடிய வடிவம் சிவப்பை உட்கவர்வதால் ஒளிர்வு மங்குகிறது.

ஃபிலிம் நீலம் பாய்ந்திருக்கிறதா பாருங்கள். 500-க்குக் கீழே வெட்டும் வடிகட்டி வழியாக வெள்ளொளி காட்டுங்கள். நிறம் போய் ஒளிர்வு திரும்பினால் சுவிட்சுதான். நிறம் போயும் ஒளிர்வு வராவிட்டால் அணைவே போய்விட்டது. நிறமே போகாமல் நின்றால் பக்கவிளைபொருள். புறஊதாவை வெகுநேரம் காட்டுவதால் சேர்வது, திரும்பத் திறக்காது. நைட்ரஜனில் அளந்தால் ஆக்சிஜனால் வரும் சேதமாவது குறையும்.

பலர் கோட்டை விடுவது அடுத்த இடத்தில். சிவப்பு குறைந்ததெல்லாம் ஆற்றல் கடத்தல் (யூரோப்பியம் ஒளியாக விடாமல் மூடிய வடிவத்துக்கே ஆற்றலைக் கொடுத்துவிடுவது) ஆகாது. வெளியே வந்த ஒளியைப் பக்கத்து மூலக்கூறு விழுங்கினாலும் குறையும். ஒளிர்வின் ஆயுட்காலத்தை (தூண்டல் நின்றபின் ஒளி அடங்க எடுக்கும் நேரம்) அளங்கள்: குறுகிய கூறு ஒன்று முளைத்தால் கடத்தல் நடக்கிறது. மாறவில்லை என்றால் அதே செறிவில் மெல்லிய ஃபிலிம் போடுங்கள். வெறும் விழுங்கலாக இருந்தால் மங்கலும் கூடவே குறையும். கடத்தல் முழுமையாக நடந்து, கடத்திய மூலக்கூறுகள் ஒளிராமல் இருண்டிருந்தால் குறையாது. இதைப் பார்க்காமல் 'தணிப்பு (கடத்தலால் ஒளிர்வு அடங்குவது) 90 விழுக்காடு' என்று எழுதுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

சுவிட்சைத் தொடாமல் அதன் நிலையை ஒளிர்வால் அறிய, அதாவது படிக்க, யூரோப்பியத்தையே 394 அல்லது 465-ல் நேரடியாகத் தூண்டலாம். திறந்த வடிவம் அங்கே உட்கவரவில்லை என்பதை முதலில் ஸ்பெக்ட்ரத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். 465 மூடிய வடிவத்தை மெல்லத் திறந்துவிடக்கூடும், அதனால் ஒளியளவைக் குறைத்து வையுங்கள். யூரோப்பியத்தின் அந்த உட்கவர்ச்சி மிகப் பலவீனமானது. சமிக்ஞை சன்னமாகத்தான் வரும். படிக்கும்போதே எழுதிவிடும், அதாவது சுவிட்சை மாற்றிவிடும் பொருளை நினைவகம் என்று சொல்ல முடியாது என்பதால், இந்தச் சிரமத்தைத் தவிர்க்க வழியில்லை.

கரைசலில் மூடிய வடிவமாக மாறிய அளவை ஃபிலிமில் எதிர்பார்க்க வேண்டாம். இரு அரைல் வளையங்களும் எதிரிணையாக (எதிரெதிர் திசை பார்த்து) நிற்கும் மூலக்கூறே மூடும். இணையாக (ஒரே திசை பார்த்து) நின்றது கரைசலில் திரும்பிக்கொள்ளும், கெட்டியான பிஎம்எம்ஏயில் பெரும்பாலும் அப்படியே உறைந்துவிடும்.